ஏழாம் கட்டத்து மஞ்சள் பொம்மை

"வயர புடுங்குங்கப்பா! சீக்கிரம் புடுங்குங்க!"

கத்திக்கொண்டே கிருஷாந்தி கட்டிலுக்கடியில் பாய்ந்தாள். அம்மாவின் ஒரு கால் மட்டும்தான் கைக்கு அகப்பட்டது. அந்தக் காலும் அவளை உதைத்தது.

மேசை மேல் அந்தக் கறுத்த பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ம்ம்ம்ம் என்று ஆரம்பித்த சத்தம் ஏறி ஏறி, தோட்டத்து வரிசை வீடான லயத்தில், அவர்களுடைய காம்பிராவின் தகரக் கூரையில் முட்டித் திரும்பியது.

"எந்த வயருடி? நாலு கெடக்கு இங்க!" சிவசாமி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"நாலையும் புடுங்குங்க!"

புடுங்கினார். சத்தம் இழுபட்டு இழுபட்டு அடங்கியது. கட்டிலுக்கடியில் காமாட்சி ஒரு பச்சைப் படங்கைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக் குந்தியிருந்தாள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் செடியின் ஈரம் படாமல் இடுப்பில் கட்டிக்கொள்ளும் தடித்த படங்கு. அது முழுக்க நடுங்கியது.

"போயிருச்சா புள்ள?"

"போயிருச்சும்மா. அது கொளவி இல்லம்மா. கம்பியூட்டருக்குள்ள இருக்கிற காத்தாடி."

"போயிருச்சான்னு கேட்டேன்."

"போயிருச்சு."

கிருஷாந்தி தரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். இன்று புதன். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவள் கல்விக் கல்லூரி விடுதியில் பெட்டியோடு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். இரண்டு தடவை பரீட்சை எழுதி வாங்கிய இடம்.

அம்மாவை இப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது?

*

நாற்பத்திரண்டு நாளைக்கு முன்னால், ஆறாம் நம்பர் மலையில் கல்லிடுக்கிலிருந்த குளவிக் கூடு கலைந்தது. பதினொரு பெண்களைக் கொட்டியது. பத்துப் பேர் ஆசுபத்திரியிலிருந்து திரும்பி வந்தார்கள். பெற்றீசியா வரவில்லை.

பெற்றீசியாவும் காமாட்சியும் பதினெட்டு வருஷமாக ஒரே நிரையில் கொழுந்து பறித்தவர்கள். ரொட்டியைப் பிட்டால் பாதி அவளுக்கு, பாதி இவளுக்கு. அன்று காமாட்சியைத் தண்ணீர் வடியும் கானுக்குள்ளிருந்துதான் தூக்கினார்கள். படங்கை மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தாளாம். பதினேழு கொட்டு. இடது இமையில் விழுந்தது ஒன்று. "படங்குதான் காப்பாத்தியிருக்கு" என்றார் டொக்டர். தோட்டம் முழுக்க அதையே சொன்னது.

அன்றிலிருந்து காமாட்சி முன் வாசலைத் தாண்டவில்லை. பின்பக்கம் போவதென்றாலும் தலையில் கம்பளி, கையில் மகளின் கை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வரச் சொல்லி கங்காணி மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார். காமாட்சி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டீவியைப் போட்டால் டீவியையும் சுவரைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள்.

"மருந்து குடுத்தாச்சு, தங்கச்சி. இனி மனசு எதுலயாவது ஓடணும்," என்றார் டொக்டர். "அவங்களுக்கு என்ன புடிக்கும்?"

கிருஷாந்திக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது. கேம். கொழுந்து நிறுக்கும் வரிசையில் நிற்கும்போது அம்மா மகளின் பழைய போனில் கலர் கலராக உருண்டைகளை வெடிக்க வைப்பாள். பக்கத்தில் பெற்றீசியா. ஆளுக்கொரு ஆட்டம். "ஏ கள்ளி, அது என்னோட முறடி!" என்று போனை இழுத்துக்கொள்வார்கள்.

இப்போது போனை நீட்டினால், "கண்ணுல புகையா தெரியுது புள்ள" என்று திருப்பிக் கொடுத்தாள்.

பெரிய திரை வேண்டும். தோட்ட ஆபீஸில் மூலையில் கிடந்த பழைய கம்பியூட்டரை சிவசாமி கிளாக்கரிடம் கெஞ்சிக் கேட்டுத் தோளில் சுமந்து வந்தார். முதுகு தள்ளிய திரை. எழுத்தழிந்த விசைப்பலகை. போட்ட முதல் நிமிடத்திலேயே பெண்டாட்டி கட்டிலுக்கடியில்.

*

"தங்கச்சி, ஒண்ணு சொல்லவா? இது கம்பியூட்டர் இல்ல. இரும்புப் பெட்டி."

கொட்டகலை பஜாரில் போன் திருத்தும் கிஷாந்த், ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு சொன்னான். பெட்டியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தான். உள்ளே பஞ்சுபோல் தூசி.

"கேம் ஓடுமாண்ணே?"

"இதுல கணக்குப் பார்க்கவே யோசிக்கும். மெமரி ஒரு ஜி.பி. கூட இல்ல. கிராபிக் கார்டுன்னு ஒண்ணு இருக்கணும், அந்த எடத்துல பல்லி முட்ட இருக்கு."

"சும்மா வெளயாடாதீங்கண்ணே."

"சத்தியமா. இந்தா பாரு."

உண்மையிலேயே இரண்டு பல்லி முட்டை.

"காத்தாடி சத்தத்த நிப்பாட்டணும். அத கேட்டா அம்மா பயப்படுறாங்க."

கிஷாந்தின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. விஷயம் அவனுக்கும் தெரியும். எண்ணெய் விட்டான், உறுமியது. பஞ்சு வைத்தான்; இன்னும் கோபமாக உறுமியது. கடைசியில் கழற்றியே விட்டான்.

"இப்ப சத்தம் இல்ல. ஆனா சூடாகும். இருவது நிமிசம் ஓடும், பொறகு தன்னாலயே நின்னுரும். ஆற விட்டுத் திரும்பப் போடு. இந்தா பென் டிரைவ், நாப்பது கேம் இருக்கு. அதுல ஒண்ணாச்சும் ஓடலன்னா என் பேர மாத்திக்கிறேன்."

வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் அவன் பேரை மாற்றிக்கொள்ள வேண்டியதுபோலத்தான் இருந்தது.

முதல் கேம் திறக்கவேயில்லை. இரண்டாவது, ஏதோ ஒரு கோப்பு இல்லை என்று ஆங்கிலத்தில் அழுதது. மூன்றாவது நீலத் திரையைக் காட்டிவிட்டுச் செத்தது. ஐந்தாவது, கார் ஓட்டம். கார் ஒரு அடி நகர்ந்தது, நின்றது, யோசித்தது, இன்னொரு அடி நகர்ந்தது. சிவசாமி சம்பலோடு ரொட்டியை மென்றபடி எட்டிப் பார்த்தார்.

"நம்ம கொழுந்து லொறி மாதிரியே இருக்கேடி. தள்ளி விடணுமா?"

"அப்பா, தயவுசெஞ்சு பேசாதீங்க."

பெட்டி டிக் என்று அணைந்தது. இருபது நிமிடம் தீர்ந்துவிட்டது.

ஆறும் வரை காத்திருப்பாள். திரும்பப் போடுவாள். அது விழித்துக்கொள்ளவே ஏழு நிமிடம். மிச்சம் பதின்மூன்று. அதற்குள் ஒரு கேமைத் திறந்து பார்த்து, சபித்து, மூடி, அடுத்ததைத் திறக்க வேண்டும். விசைப்பலகையில் அவளுடைய விரல்கள் குத்துகிற குத்தில் ஒரு எழுத்து எகிறிப் போய் அடுப்புச் சாம்பலில் விழுந்தது.

பதினான்காவது கேம் ஓடியது! துப்பாக்கி.

"அம்மா, இந்தா, இவன சுடணும். இந்தப் பட்டன்."

காமாட்சி பார்த்தாள். "ஏன்? அவன் என்ன பண்ணுனான்?"

"அவன் எதிரிம்மா."

"யாரு சொன்னா?"

மூடினாள். இருபத்திரண்டாவது, சீட்டுக்கட்டு. அழகாக ஓடியது. காமாட்சி கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். கிருஷாந்தி விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினாள்.

"எதிர்க்க யாரு வெளயாடுறா?"

"யாரும் இல்லம்மா. தனியா வெளயாடுறது."

"தனியாவா?" காமாட்சி பின்னால் சாய்ந்துவிட்டாள். "எனக்கு வேணாம் புள்ள."

முப்பத்தொன்றாவது ஒரு பூந்தோட்டம். நீர் ஊற்றினால் பூ மலரும். நிறம் அள்ளிக்கொண்டு போனது. காமாட்சியின் விரல் தானாகவே பட்டனைத் தேடியது. ஒரு பூ. இரண்டு பூ. மூன்றாவது பூ மலர்ந்ததும், திரையின் மூலையிலிருந்து மஞ்சளும் கறுப்புமாய்க் கோடு போட்ட ஒரு வண்டு, சிரித்த முகத்தோடு இறக்கையை அடித்துக்கொண்டு வந்தது.

அலறலில் அடுத்த காம்பிராக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

*

வெள்ளிக்கிழமை ஒரு யோசனை பிறந்தது. சூடுதானே பிரச்சினை? வெளியே குளிர் கொட்டிக் கிடக்கிறதே! கிருஷாந்தி பெட்டியைப் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே கல்லின் மேல் வைத்து, வயர்களை ஜன்னல் வழியே உள்ளே இழுத்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நீலப் படங்கை எடுத்து மழைக்குப் போர்த்தினாள்.

இருபது நிமிடம் முக்கால் மணித்தியாலமாயிற்று. அவள் துள்ளிக் குதித்தாள்.

அந்த நேரம் பார்த்து முன் வாசலில் ஆள் அரவம். பெற்றீசியாவின் புருஷன் ஜூட்சன். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வெளியே சாத்திவிட்டு, படியிலேயே நின்றான்.

"அக்கா எப்பிடி இருக்காங்கண்ணே?"

"அப்பிடியேதான் தம்பி. உள்ள வா. தேத்தண்ணி குடி."

"வேணாண்ணே, காலெல்லாம் சேறு." ஜூட்சன் தொப்பியைக் கையில் திருகினான். "அவளோட கொழுந்துக் கூடை கெடச்சிருச்சு. கம்பும் கெடச்சிருச்சு. படங்க மட்டுந்தான் காணோம். ஆத்துல போயிருக்கும்னு கங்காணி சொல்றாரு. மூலையில வெள்ள நூலால சிலுவ தச்சிருந்தா, அவ கையாலயே. அது கெடச்சா அவ சாமானோட வைக்கலாம்னு... அக்காவுக்கு ஏதும் ஞாபகம் இருக்குமான்னு கேக்க வந்தேன்."

சிவசாமி திரும்பிப் பார்த்தார். காமாட்சி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வை அசையவில்லை.

"தூங்குறா தம்பி."

"சரிண்ணே. எழுப்ப வேணாம். அக்காவாவது தப்பிச்சாங்களே."

அவன் போனான். அன்று மாலை மூடுபனி இறங்கி, லயத்தை விழுங்கி, பெட்டிக்குள்ளும் புகுந்தது. சனிக்கிழமை காலை சுவிட்சைப் போட்டால் ஒன்றுமில்லை. விளக்குகூட எரியவில்லை.

கிருஷாந்தி ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். துக்கம் இல்லை, ஆத்திரம். "ஒரு கேமு! ஒரே ஒரு கேமு! ஒலகத்துல இத்தன கோடி கேமு இருக்கு, எங்கம்மாவுக்கு ஒண்ணு இல்லையா!"

சிவசாமி பெட்டியை மோந்து பார்த்தார். மூடியில் கையை வைத்துத் தடவினார். இருபத்தாறு வருஷமாக பெக்டரியில் தேயிலை காய வைக்கும் டிரையர் பக்கம் நிற்கிற மனுஷன்.

"ஈரம் ஏறியிருக்கு. அவ்வளவுதான்."

"அதனால?"

"காய வச்சா சரியாப் போயிரும்."

"அப்பா, அது தேயில இல்ல!"

"ஈரம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

அவர் பெட்டியை நீலப் படங்கில் சுற்றித் தோளில் ஏற்றிக்கொண்டு பெக்டரி வேலைக்குப் போய்விட்டார். கிருஷாந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். மத்தியானம் திரும்பி வந்தவர், பிள்ளையைத் தொட்டிலில் இடுவது மாதிரி பெட்டியைக் கல்லின் மேல் வைத்தார்.

"டிரையருக்கு ஆறடி தள்ளி, நாலு மணித்தியாலம். தேயில மாதிரியே மூணு சதவீத ஈரத்துக்கு எறக்கியாச்சு. போடு."

போட்டாள்.

விளக்கு எரிந்தது. ஜன்னல் வழியே புதுத் தேயிலை வாசனை வந்தது. சிவசாமி மீசையைத் தடவிக்கொண்டார்.

*

பென் டிரைவில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பெயர்கூட இல்லை, வெறும் இலக்கம். கிருஷாந்தி கிஷாந்துக்குப் போன் போட்டாள்.

"அதுவா? யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் இருவது வருசத்துக்கு முன்னாடி செஞ்சது தங்கச்சி. ஒரு பாட்டு அளவுகூட இல்ல. சின்னப் புள்ளைங்க வெளயாடுறது. அத ஏன் கேக்குற?"

"ஓடுமா?"

"அது டோர்ச் லைட்டுலயும் ஓடும்."

ஓடியது. தடங்கலில்லாமல், தண்ணீர் மாதிரி ஓடியது.

கட்டம் கட்டமாய் ஒரு குகை. உள்ளே இரண்டு பொம்மைகள், சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. அம்புக்குறியை அமுக்கினால் சிவப்பு நடக்கும். மஞ்சள் பின்னாலேயே வரும், ஆனால் மெதுவாக. பள்ளம் வந்தால் சிவப்பு நின்று காத்திருந்து, கூப்பிட்டுக் கடக்க வைக்க வேண்டும். கடைசியில் ஒரு கதவு.

காமாட்சி எழுந்து வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

"இது யாரு?" மஞ்சளைத் தொட்டுக் கேட்டாள்.

"கூட வர்றது. கூட்டாளி."

"ம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று மணித்தியாலம் யாரும் அவளிடம் பேச முடியவில்லை. முதல் கட்டம் தாண்டினாள். மூன்றாம் கட்டம் தாண்டினாள். கொழுந்து பறித்துப் பழகிய விரலல்லவா? பெட்டி சூடேறி நின்றால், "ஆறட்டும், இருக்கேன்" என்று மேசையை விட்டு எழாமல் காத்திருந்தாள். இரவு நெத்தலிக் குழம்போடு இரண்டாவது தடவை சோறு கேட்டாள். சிவசாமி அடுப்பின் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையாம்.

கிருஷாந்தி கல்லூரிக்குக் கொண்டுபோகும் பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

ஞாயிறு காலை ஏழாம் கட்டம் வந்தது. அங்கேதான் எல்லாம் கெட்டது.

ஏழாம் கட்டத்தில் குகைக் கூரை இடிகிறது. கல் மழை. கதவு எதிரிலேயே திறந்திருக்கிறது. சிவப்பு ஓடினால் போதும், தப்பிவிடும். காமாட்சி பாதி வழியில் நின்றாள். திரும்பினாள். மஞ்சளிடம் போனாள். கல் விழுந்தது. இரண்டும் செத்தன.

திரும்ப முதலிலிருந்து. நின்றாள், திரும்பினாள், கல்.

"அம்மா, திரும்பாதீங்க. நேரா ஓடுங்க."

"அது வரலியே."

"அது வரத் தேவல்ல. செவப்பு ஒண்ணு போனா போதும். மஞ்சளும் வந்தா கொஞ்சம் பாயின்ட் கூட்டிக் குடுப்பான், அவ்வளவுதான்."

காமாட்சி மறுபடியும் அம்புக்குறியை அமுக்கினாள். திரும்பினாள். கல்.

பதினொரு மணிக்குள் இருபது தடவை. மத்தியானச் சோறு ஆறிப்போனது. பெட்டி மூன்று தடவை அணைந்தது. மூன்று தடவையும் காமாட்சி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிருஷாந்தி பார்த்துக்கொண்டேயிருந்தாள். நேற்றுச் சோறு கேட்ட முகம் இல்லை இது. பழைய, சுவரைப் பார்க்கிற முகம் திரும்பி வந்துகொண்டிருந்தது. கல் விழும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக.

"அம்மா, வேற ஒண்ணு பாப்பமா?"

"வேணாம்."

"இது சும்மா பொம்மைம்மா!"

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் போக மாட்டேங்கிறீங்க? கதவு தொறந்துதானே கெடக்கு! நான் நாளைக்குப் போகணும்மா. ஒங்கள இப்பிடி விட்டுட்டு நான் எப்பிடிப் போறது? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ஜெயிச்சுக் காட்டுங்கம்மா, நிம்மதியாப் போறேன்!"

நாலு மணி. வெளியே தூறல். திரையில் கூரை மறுபடியும் இடிந்தது. சிவப்பு பாதி வழியில் நின்றது. திரும்பிப் பார்த்தது.

அவ்வளவுதான் கிருஷாந்தியின் பொறுமை. அம்மாவின் கையைத் தட்டிவிட்டு, அம்புக்குறியை அழுத்திப் பிடித்தாள். சிவப்பு ஓடியது. கற்களுக்கு நடுவே ஓடியது. கதவுக்குள் புகுந்தது.

பூக்கள் கொட்டின. கீச்சென்று ஒரு பாட்டு.

"முடிஞ்சிருச்சும்மா! ஜெயிச்சிட்டீங்க!"

காமாட்சி திரையைப் பார்த்தாள்.

"அது எங்க?"

"எது?"

"மஞ்சளு."

"அது... போயிருச்சும்மா. பரவால்ல. ஒண்ணு தப்பிச்சா போதும்."

"பரவால்லயா?"

அந்தக் குரலில் என்னவோ இருந்தது. சிவசாமி அடுப்படியிலிருந்து திரும்பினார். காமாட்சி எழுந்தாள். கட்டிலுக்கடியில் கையை விட்டு, மடித்து வைத்திருந்த பச்சைப் படங்கை இழுத்து எடுத்தாள். ஒருவரையும் தொட விடாமல் வைத்திருந்த படங்கு. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நடந்தாள்.

முன் வாசலுக்கு!

தாழ்ப்பாளை இழுத்தாள். தலையில் கம்பளி இல்லை. படியில் கால் வைத்தாள். இறங்கிவிட்டாள்.

"அப்பா! அம்மா வெளிய போறாங்கப்பா!" கிருஷாந்தி சிரித்தாள். நாற்பத்தாறு நாளுக்குப் பிறகு! செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினாள்.

ஓடும்போதுதான், லயத்தின் மூலை திரும்புகையில், பின்பக்க ஜன்னலடியில் பெட்டியைப் போர்த்திக் கிடந்த நீலப் படங்கு கண்ணில் பட்டது. கதவுக்குப் பின்னால் எப்போதும் தொங்குகிற படங்கு. அம்மா தினமும் இடுப்பில் கட்டுகிற படங்கு.

அம்மாவுடைய படங்கு நீலம்.

அவளுடைய சிரிப்பு அப்படியே நின்றது.

காமாட்சி நிற்கவில்லை. தூறலில் நனைந்துகொண்டே இறக்கத்தில் போனாள். வேலியோரம் ஏதோ ரீங்கரித்தது. அவள் நிமிரவில்லை. கீழ் லயத்தின் நாலாம் காம்பிரா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த ஜூட்சன், அவளைக் கண்டதும் கோடரியைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"அக்கா! வந்துட்டீங்களாக்கா! ஏன் நனையிறீங்க, உள்ள வாங்க..."

அவள் படங்கை நீட்டினாள். மடிப்பு அவிழ்ந்தது. மூலையில் வெள்ளை நூலில், கோணல்மாணலாக ஒரு சிலுவை.

ஜூட்சன் அதை வாங்கவில்லை. விரலால் அந்தச் சிலுவையை மட்டும் தொட்டான்.

"ஒங்ககிட்டயா இருந்துச்சு? அதான் சொன்னேன், ஆத்துல போயிருக்காதுன்னு." அழுதுகொண்டே சிரித்தான். "ஒங்களுக்குக் குடுத்துட்டாளாக்கா? அவ அப்பிடித்தான். கையில இருக்கிறத தூக்கிக் குடுத்துருவா."

பின்னால் கிருஷாந்தியும் சிவசாமியும் மூச்சு வாங்க வந்து நின்றார்கள். காமாட்சி அவர்களைப் பார்க்கவில்லை. புகைந்த இடது கண்ணும் தெளிந்த வலது கண்ணும் ஜூட்சனையே பார்த்தன.

"எம் படங்க அன்னிக்கு வூட்டுலயே மறந்துட்டுப் போயிட்டேன் தம்பி," என்றாள். "அவ இதத் தலையில போத்திக்கிட்டு கானுக்குள்ள குந்தியிருந்தா. வா அக்கா, ரெண்டு பேரும் போத்திக்கலாம்னு கூப்புட்டா. ரெண்டு பேருக்குப் பத்தல."

அவள் படங்கை அவன் கையில் வைத்தாள்.

"அவ குடுக்கல. நாந்தான் புடுங்குனேன்."